அல்ஹம்பிரா: தோட்ட டிக்கெட்டில் நஸ்ரித் அரண்மனை பார்க்கலாமா?

முடியாது. ஸ்பெயினின் கிரனாடா நகரில் உள்ள அல்ஹம்பிரா கோட்டை, அரண்மனை வளாகத்துக்கு நீங்கள் எடுக்க நினைக்கும் "தோட்டங்கள், ஹெனராலிஃபே, அல்கஸாபா" டிக்கெட்டில் (ஹெனராலிஃபே கோடை அரண்மனை, அல்கஸாபா கோட்டை) நஸ்ரித் அரண்மனைகள், அதாவது நஸ்ரித் வம்சத்துச் சுல்தான்கள் வாழ்ந்த அரண்மனைகள், சேராது. 14ஆம் நூற்றாண்டில் சுல்தான் ஐந்தாம் முகம்மது கட்டிய சிங்க முற்றம் அந்த அரண்மனைகளுக்குள்தான் இருக்கிறது. அதைப் பார்க்காமல் திரும்பினால் மனசு ஆறாது.

அரண்மனைக்குள் நேர வாரியாக அளவாகத்தான் ஆட்களை விடுகிறார்கள். அரண்மனைகளும் சேர்ந்த முழு டிக்கெட் தீர்ந்துபோனதாகக் காட்டுவது பெரும்பாலும் அதனால்தான்.

அதிகாரப்பூர்வத் தளத்தில் இரண்டைப் பாருங்கள்:

1. நஸ்ரித் அரண்மனைக்கான இரவு டிக்கெட். இது தனி. பகலில் தோட்ட டிக்கெட், இரவில் இது என்று எடுத்தால் கிட்டத்தட்ட எல்லாமே பார்த்த மாதிரி. விளக்கொளியில் அந்தச் சுவர் வேலைப்பாடு அவ்வளவு அழகு. நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

2. தோப்லா தே ஓரோ என்ற கூட்டு டிக்கெட். அல்ஹம்பிராவோடு, கிரனாடாவின் பழைய குடியிருப்பான அல்பைசின் பகுதியின் பழைய கட்டடங்களும் இதில் சேரும்.

ஆனால் இரவு அனுமதி எல்லா நாளும் கிடையாது, குளிர்காலத்தில் இன்னும் குறைவு. டிக்கெட்டில் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரே இருக்கட்டும், பாஸ்போர்ட்டையும் கையில் வையுங்கள். அப்புறம், டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் அரண்மனை வாசலுக்கானது. பிரதான நுழைவாயிலிலிருந்து அங்கே நடக்க 20 நிமிடம் ஒதுக்குங்கள்.