500 பவுண்டுப் புதிர்

வணக்கம் சார்,

ஆங்கிலத் துப்பறியும் கதை எழுத்தாளர் எட்கர் வாலஸின் ‘தி ஃபோர் ஜஸ்ட் மென்’ (நான்கு நீதிமான்கள்) நாவலைப் பழைய புத்தகக் கடையில் வாங்கிப் படித்தேன். கொலை செய்கிறவர்களைப் போய் நீதிமான்கள் என்கிறாரே, அது உறுத்தியது. அப்புறம், இவ்வளவு விற்ற புத்தகத்தால் அவர் கடனாளி ஆனார் என்கிறார்கள். அது எப்படி?

ர.

அன்புள்ள ர.,

கடன் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். 1905இல் வாலஸ் லண்டன் நாளிதழான ‘டெய்லி மெயில்’ நிருபர். டாலிஸ் பிரஸ் என்று சொந்தமாகப் பதிப்பகம் தொடங்கி, கடைசி விடை இல்லாமலேயே நாவலை வெளியிட்டார். சுற்றிலும் போலீஸ் நிற்க, பூட்டிய அறைக்குள் வெளியுறவு அமைச்சர் எப்படிச் செத்தார்? சரியாகச் சொன்னால் பரிசு, மொத்தம் 500 பவுண்டு. விளம்பரத்துக்குக் காசைத் தண்ணீராக இறைத்தார். ஆனால் பரிசு இத்தனை பேருக்குத்தான் என்று விதிமுறையில் ஒரு வரி போட மறந்துவிட்டார்! சரியான விடை எழுதிய எல்லோருக்கும் பணம் தர வேண்டியதாயிற்று. கையில் காசில்லாமல் முடிவை அறிவிக்காமலே இழுத்தடித்தார். போட்டியே மோசடி என்று வாசகர்கள் முணுமுணுக்க, பத்திரிகையின் பெயர் கெடுமே என்று முதலாளி ஆல்ஃபிரட் ஹார்ம்ஸ்வொர்த் கடன் கொடுத்துக் கரையேற்றினார். நாவலின் உரிமையும் சொற்பத் தொகைக்குக் கைமாறிப் போனது.

சரி, உங்கள் உறுத்தல். அமைச்சர் ஃபிலிப் ரேமன் கொண்டுவரும் சட்டம், அடைக்கலம் தேடி வந்த அரசியல் அகதிகளைப் பிடித்துத் திருப்பி அனுப்பும். அதே 1905இல்தான் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் நிஜமாகவே அந்நியர் சட்டத்தை நிறைவேற்றியது. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதர்களைத் தடுப்பதே அதன் முக்கிய நோக்கம். ஆகவே, மசோதாவைக் கைவிடாவிட்டால் கொல்வோம் என்று ரேமனை மிரட்டும் அந்த நால்வரின் கோபத்துக்கு அன்றைய லண்டனில் அர்த்தம் இருந்தது. ஆனாலும் நாவலில் எனக்கு மரியாதை வந்தது ரேமன்மேல்தான். யாருக்கும் பிடிக்காத வறட்டு மனிதர். மசோதாவைத் திரும்பப் பெற்றால் உயிர் பிழைக்கலாம் என்று தெரிந்தும் மசியாமல், குறித்த நேரத்துக்குத் தனியாக அறைக்குள் போய் உட்காருகிறார். வெளியே கூட்டம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. அந்தப் பக்கங்களுக்குப் பிறகு வரும் விடை எனக்குச் சப்பென்றுதான் இருந்தது.

இன்னொன்று கவனித்தீர்களா? தலைப்பில் நான்கு பேர், ஆனால் நீதிக்காக என்று கிளம்பியவர்கள் மூன்றே பேர். நான்காமவன் தெரி, தொழில் தெரிந்தவன் என்பதற்காகச் சேர்த்துக்கொண்ட கிரிமினல். பாதிக் கதை பயத்தில் நடுங்கிக்கொண்டிருக்கிறான்.

படிக்காதவர்களுக்காக விடையை இங்கே உடைக்கவில்லை. அந்த அறையில் இருந்த எந்தப் பொருள்மேல் உங்களுக்கு முதலில் சந்தேகம் வந்தது? எழுதுங்கள்.