ஊரைக் கேட்காமல் பிளாட் போடலாமா? டெல்டாவிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

தஞ்சை, திருவாரூர் பக்கம் நில அளவையராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். நஞ்சையில் மனைப்பிரிவு வருவதைப் பற்றிப் பலரும் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். நான் வக்கீல் இல்லை என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐயா, எங்கள் ஊர் ஓரத்தில் ஏழு ஏக்கர் நஞ்சையை வாங்கி பிளாட் போடக் கல் நடுகிறார்கள். ஊர் மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும் என்று சட்டமே இல்லையா? (வலங்கைமான்)

நீங்கள் எதிர்பார்க்கிற மாதிரி இல்லை தம்பி. பெரிய ஆலை வந்தால் கலெக்டர் தலைமையில் பந்தல் போட்டுக் கருத்துக் கேட்பார்களே, அது 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி நடப்பது. அதில் கட்டுமானத் திட்டம் என்றால் 20,000 சதுர மீட்டர் கட்டடப் பரப்பிலிருந்துதான் அனுமதியே தேவை. அதற்கு மேல் எவ்வளவு பெரிய குடியிருப்பாக இருந்தாலும் மக்கள் கருத்துக் கேட்பு வேண்டாம் என்று அந்த அறிவிக்கையே விலக்குக் கொடுத்திருக்கிறது. ஏழு ஏக்கரில் வெறும் மனை பிரித்து விற்பவர் அந்தப் பக்கமே போக வேண்டியதில்லை.

ஊர் வாய் திறக்க இடம் இருப்பது வேறு கட்டங்களில். முதலாவது, மாஸ்டர் பிளான். 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டப்படி வரைவுத் திட்டத்தை வெளியிட்டு, ஆட்சேபனை சொல்லக் குறைந்தது இரண்டு மாதம் தர வேண்டும். உங்கள் வயல் 'விவசாயம்' என்று வண்ணம் தீட்டப்படுமா, 'குடியிருப்பு' என்றா என்பது அங்கேதான் முடிவாகிறது. அந்த அறிவிப்பு பேப்பரில் வரும்போது டெல்டாவில் முக்கால்வாசிப் பேர் நாற்றங்காலில் நிற்போம், யாரும் பார்ப்பதில்லை.

இரண்டாவது, மாஸ்டர் பிளான் இல்லாத கிராமங்களில் விவசாய நிலத்தை வேறு பயனுக்கு மாற்றும்போது. இதற்கு அதே சட்டத்தின் 47-ஏ பிரிவுப்படி முன் அனுமதி வேண்டும். நஞ்சை என்றால் ஆட்சியரின் இசைவும் கேட்கப்படும், வேளாண் இணை இயக்குநரின் கருத்தும் போகும். அந்தக் கோப்பு நகரும்போது உங்கள் மனு அதில் இருக்க வேண்டும். ரோடு போட்டு, கல் நட்டு, பாதி மனை விற்ற பிறகு மனு கொடுத்தால், தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன?

டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று 2020இல் சட்டம் வந்ததே. அதைக் காட்டி நிறுத்த முடியாதா? (நீடாமங்கலம்)

முடியாது. அந்தச் சட்டத்தின் பட்டியலில் இருப்பவை துத்தநாக, செம்பு, அலுமினிய உருக்காலைகள், இரும்புத் தாது ஆலை, தோல் பதனிடுதல், எண்ணெய் எரிவாயு எடுத்தல், கப்பல் உடைத்தல் போன்றவை. வீட்டு மனை அதில் இல்லை. 'பாதுகாக்கப்பட்ட மண்டலத்தில் பிளாட் போடுகிறார்கள்' என்று மனுவில் எழுதினால், முதல் வரியிலேயே அதிகாரி உங்கள் மனுவை ஓரம் வைத்துவிடுவார். நல்ல காரணம் கையில் இருக்கும்போது இதை எழுதிக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

கிராம சபையில் 'இந்த மனைப்பிரிவு வேண்டாம்' என்று தீர்மானம் போட்டால் செல்லுமா அண்ணே? (பாபநாசம்)

அந்தத் தீர்மானம் மட்டுமே மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தரும் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின், அதாவது டி.டி.சி.பி.யின் கையைக் கட்டிப்போடாது. அதனால் வீண் என்றும் நினைக்க வேண்டாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அவசரம் என்றால் சிறப்புக் கூட்டமும் கேட்கலாம். அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் இருப்பவர்தான் உறுப்பினர். நிலம் இங்கே, ஓட்டு சென்னையில் என்றால் நீங்கள் பார்வையாளர்தான்.

தீர்மானத்தின் வாசகம்தான் முக்கியம். 'விவசாயம் அழிகிறது, எனவே எதிர்க்கிறோம்' என்று எழுதினால் அது கோஷம். 'இந்தப் புல எண்ணின் தென்புற வடிகால் வழியாகத்தான் மேலே உள்ள இத்தனை ஏக்கர் சம்பா வயல் வடிகிறது. அதன் அகலம் குறையாமல் இருப்பதை உறுதி செய்யாமல் ஒப்புதல் தரக் கூடாது' என்று எழுதினால் அதற்கு யாராவது பதில் எழுதியே ஆக வேண்டும். தீர்மான நகலை வாங்கி, ஆட்சியர், நகர் ஊரமைப்பு அலுவலகம், நீர்வளத் துறை மூன்று இடத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ஊராட்சி அலுவலகப் புத்தகத்தில் தூங்கும் தீர்மானத்தால் யாருக்கும் லாபமில்லை.

வாய்க்கால் விஷயத்தை விளக்கமாகச் சொல்லுங்கள். 'பட்டா நிலத்தில் வாய்க்காலே இல்லை' என்கிறார் பிளாட் போடுபவர். (மன்னார்குடி)

அவர் சொல்வது காகிதத்தில் உண்மையாகக்கூட இருக்கலாம். புலப்படத்தில், அதாவது எஃப்.எம்.பி.யில், புறம்போக்கு வாய்க்காலுக்குத் தனிப் புல எண்ணோ உட்பிரிவோ இருக்கும். கிராம நிலப் பதிவேடான அ-பதிவேட்டில் 'வாய்க்கால்' என்றே எழுதியிருக்கும். தமிழ்நிலம் இணையதளத்தில் இரண்டையும் பார்க்கலாம். ஆனால் நம் ஊரில் பாதித் தண்ணீர் பாய்வது கன்னி வாய்க்கால் என்கிற சின்னக் கிளை வாய்க்காலில், இல்லையென்றால் வயலுக்கு வயல் மடை வெட்டி. அது பட்டா நிலத்துக்குள்ளேயே போகும், எந்தப் படத்திலும் கோடாக இருக்காது. நடுவில் ஒரு வயல் மனையானால் கீழே இருப்பவனுக்குக் குறுவைக்குத் தண்ணீர் வராது, மேலே இருப்பவனுக்கு ஐப்பசி மழையில் தண்ணீர் வடியாது.

இப்போது நேரில் நடப்பதைச் சொல்கிறேன். மனை போடுபவர் சவுடு மண் அடித்து வயலை இரண்டு மூன்று அடி மேடாக்குவார். ஆறடி அகல வடிகால் குறுக்கே வரும் இடத்தில் ஒன்றரை அடி சிமெண்ட் குழாயைப் புதைத்து, மேலே ரோடு. சித்திரையில் பார்த்தால் எல்லாம் சுத்தமாக இருக்கும். கார்த்திகையில் குழாய் வாயில் ஆகாயத்தாமரையும் வைக்கோலும் வந்து அடைக்கும். ஒட்டியுள்ள வயலில் நட்டு இருபது நாள் ஆன தாளடிப் பயிர் நுனி தெரியாமல் நிற்கும். நம்முடையது தட்டையான பூமி. ஓரடி மேடு வித்தியாசம் பத்து ஏக்கரை மூழ்கடிக்கப் போதும். ஆற்றில் தண்ணீர் வராத ஆண்டில்கூட இந்தச் சேதம் வரும், ஏனென்றால் இது மழைத் தண்ணீர்.

அதனால் இரண்டு வேலை செய்யுங்கள். புலப்படத்தை அச்செடுத்து, தண்ணீர் வரும் வழியை நீலத்திலும் வடியும் வழியை சிவப்பிலும் கையால் வரையுங்கள். ஊர்ப் பெரியவர்களையும் மடை பார்க்கும் நீராணிக்கரையும் உட்கார வைத்து வரையுங்கள், அவர்களுக்குத் தெரியாதது இல்லை. அப்புறம் மழை நாளில் அதே இடங்களைப் படம் எடுங்கள். தடையில்லாமல் இருபது ஆண்டு அனுபவித்த நீர்வழி உரிமைக்கு 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம் துணை நிற்கும். அதைச் சிவில் கோர்ட்டில்தான் நிரூபிக்க வேண்டியிருக்கும். வெள்ளநீர் தேங்குமா என்று நீர்வளத் துறை தரும் தடையின்மைச் சான்றை எழுதும் பொறியாளர் கையில் இந்தப் படம் முன்கூட்டியே இருந்தால் கோர்ட் வரை போக வேண்டியிராது.

சுடுகாட்டுக்குப் போகும் வரப்புப் பாதை மனைக்குள் போய்விட்டது.

அ-பதிவேட்டில் பாதையாக இருந்தால் வட்டாட்சியரிடம் அளந்து கல் போடக் கேளுங்கள். வெறும் வரப்பு என்றால் வரைபடத்திலேயே பொது ரோடாகக் காட்டச் சொல்லிப் பேசித் தீருங்கள். சாவு விழுந்த அன்றைக்குச் சண்டை போட்டால் ரத்தம்தான் வரும்.

கோவில் நிலத்தை மூன்று தலைமுறையாகக் குத்தகைக்கு உழுகிறோம். அதையும் பிளாட் போடப் போவதாகப் பேச்சு. (திருவையாறு)

இங்கே உங்களுக்குச் சட்டமே வழி வைத்திருக்கிறது. கோவில், மடம் சொத்தை விற்பது, ஐந்து ஆண்டுக்கு மேல் குத்தகைக்கு விடுவது எல்லாம் 1959ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தின் 34ஆம் பிரிவுப்படி ஆணையர் அனுமதி இல்லாமல் செல்லாது. அனுமதி தரும் முன் விவரத்தை வெளியிட்டு ஆட்சேபனை கேட்க வேண்டும். குத்தகைப் பதிவேட்டில் உங்கள் பெயர் ஏறியிருக்கிறதா என்று நாளைக்கே பாருங்கள். அப்பா பெயரிலேயே கிடந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.

கூட்டத்தில் பெண்கள் பேசினால் 'உனக்கென்ன தெரியும்' என்கிறார்கள் ஐயா. எங்கள் தெருவில்தான் தண்ணீர் நிற்கிறது.

அம்மா, தனியாக எழுந்து பேச வேண்டாம். சுய உதவிக் குழுவாகக் கையெழுத்துப் போட்டு, தெருவில் எந்த வீட்டு வாசல்வரை தண்ணீர் வந்தது என்று எழுதி, கூட்டம் தொடங்கும் முன்பே செயலரிடம் கொடுங்கள். நகலில் ரசீது வாங்குங்கள். எழுதிக் கொடுத்ததை 'பேசவே இல்லை' என்று சொல்ல முடியாது.

கும்பகோணத்தில் வாடகை கட்டி மாளவில்லை. நாங்கள் மனை வாங்கினால் ஊர்க்காரர்கள் எதிரி மாதிரி பார்க்கிறார்கள். வீடே கட்டக் கூடாதா?

நியாயமான கேள்வி. ஊரின் குடியிருப்பு இடமான நத்தம் நிறைந்து அண்ணன் தம்பி மூன்று குடும்பம் ஒரே கூரையில் இருக்கும் ஊர்கள் எனக்குத் தெரியும். வீடு வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். கரம்பையும் மேட்டுத் திடலையும் விட்டுவிட்டு முப்போக வயலில் போய்த்தான் கட்ட வேண்டுமா என்பதுதான் என் வாதம். நீங்கள் அட்வான்ஸ் கொடுக்கும் முன் டி.டி.சி.பி. எண்ணையும், 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட திட்டம் என்றால் ரெரா எனும் மனை வணிக ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவையும் பாருங்கள். அப்ரூவல் இல்லாத புது மனையைப் பதிவு செய்ய முடியாது. ஐப்பசியில் ஒரு மழை நாளில் போய் அந்த மனையில் நின்று பாருங்கள். ஊர்க்காரர் வயலில் தேங்கும் தண்ணீர் அடுத்த ஆண்டு உங்கள் வாசலுக்கு வரும்.

நான் மனைப்பிரிவு போடுபவன். ஊரைக் கேட்டால் ஆளுக்கொன்று கேட்டுக் காசு பிடுங்குவார்கள் என்ற பயம். எப்படிக் கேட்பது?

பயம் புரிகிறது. கோவிலுக்கு நன்கொடை, தலைவருக்குக் கவனிப்பு என்று ஆரம்பித்தால் அது முடியாது. வரைபடம் டி.டி.சி.பி.க்குப் போகும் முன் பெரிய தாளில் அச்செடுத்து ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். நோட்டு ஒன்று வையுங்கள். மடை, பாதை, மேடு, குப்பை, குடிநீர் இந்த ஐந்தைப் பற்றி மட்டும் பதில் சொல்வதாக அறிவியுங்கள். ஏற்றுக்கொண்டதை வரைபடத்தில் மாற்றிக் காட்டுங்கள், வாய்ப்பேச்சாக விடாதீர்கள்.

10,000 சதுர மீட்டருக்கு மேல் என்றால் ரோடு போக மீதியில் பத்து சதவீதம் திறந்தவெளியாகத் தானப் பத்திரம் எழுதித் தருவது எப்படியும் கட்டாயம். மேலே சொன்ன ஏழு ஏக்கர் சுமார் 28,000 சதுர மீட்டர், அதற்கும் இது பொருந்தும். அதை மூலையில் ஒதுக்காமல் தண்ணீர் வடியும் தாழ்வான பக்கம் வையுங்கள். மழைக்காலத்தில் தண்ணீர் நின்று வடிய இடமாயிற்று, கோடையில் பிள்ளைகள் விளையாடுவார்கள்.

மனு கொடுத்து இரண்டு மாதம் ஆயிற்று. பதிலே இல்லை. (சீர்காழி)

பத்து ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமை மனு போடுங்கள். 'ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை' என்று கேட்காதீர்கள், அது தகவல் இல்லை என்று திருப்பிவிடுவார்கள். 'இந்தப் புல எண்ணுக்கு வந்த மனைப்பிரிவு விண்ணப்பம், நீர்வளத் துறைச் சான்று, வேளாண் துறைக் கருத்து, ஆட்சியர் இசைவு ஆகியவற்றின் நகல்' என்று கேளுங்கள். முப்பது நாளில் வராவிட்டால் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். பல ஊர்களில் இந்த நகல் கைக்கு வந்த பிறகுதான் நீர்வளத் துறைச் சான்றில் 'வாய்க்கால் ஏதுமில்லை' என்று எழுதியிருப்பதே தெரிந்திருக்கிறது. அந்தத் தாளையும் நீங்கள் வரைந்த சிவப்புக் கோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுங்கள்.