அம்மாவுக்கு அண்ணனின் ரத்தத்தையே ஏற்றலாமா?

கேள்வி: 62 வயதான என் தாயாருக்கு அடுத்த மாதம் இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை. இரண்டு யூனிட் ரத்தம் தேவைப்படலாம் என்றும், ஈடாக உறவினர்கள் ரத்தம் கொடுக்க வேண்டும் என்றும் மருத்துவமனையில் கூறியுள்ளனர். முகம் தெரியாதவரின் ரத்தத்தில் எச்ஐவியோ ஹெபடைட்டிஸோ இருந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. அண்ணனின் ரத்தத்தையே ஏற்றச் சொல்லலாமா? 'நாட்' பரிசோதனை செய்த ரத்தம்தான் வேண்டும் என்று கேட்கலாமா? – வாசகி, திருநெல்வேலி

பதில்: உங்கள் அச்சம் நியாயமானதே. ஆனால் அண்ணனின் ரத்தத்தை அம்மாவுக்கே ஏற்றும் யோசனையை விட்டுவிடுங்கள். தாய்க்கும் மகனுக்கும் மரபணு ஒற்றுமை அதிகம் என்பதால், மகனின் வெள்ளை அணுக்களைத் தாயின் உடல் அந்நியமென்று உணராமல் விட்டுவிடவும், அவை பெருகி அவருடைய திசுக்களையே தாக்கவும் வாய்ப்புண்டு. இது மிக அரிது. ஆனால் நேர்ந்துவிட்டால் பெரும்பாலும் உயிரைக் காப்பாற்ற முடிவதில்லை. அதனால்தான் நெருங்கிய ரத்த உறவினரின் ரத்தத்தைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்திய பிறகே ஏற்ற வேண்டும் என்கிறோம்.

கிருமித் தொற்றுக்கு வருவோம். இந்தியாவில் தானமாகப் பெறும் ஒவ்வொரு யூனிட்டையும் எச்ஐவி, ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, சிபிலிஸ், மலேரியா ஆகிய ஐந்துக்கும் சோதிப்பது கட்டாயம். ரத்தம் எடுக்கும்போதே பையின் எண் ஒட்டப்பட்ட சிறு குழாய்களில் மாதிரி சேகரிக்கப்படும். முடிவு வரும்வரை அந்தப் பை தனியே வைக்கப்பட்டிருக்கும். எலிசா முறையில் 96 சிறு குழிகள் கொண்ட தட்டில் மாதிரிகளை இடுவோம். கிருமியின் அடையாளம் உள்ள குழி பொதுவாக மஞ்சளாக மாறும். அப்படி மாறிய மாதிரிக்குரிய பை நோயாளியிடம் போகாது. 'இப்போது எடுத்த ரத்தத்தை உடனே ஏற்றுங்கள்' என்று சிலர் வற்புறுத்துவார்கள். அந்தச் சில மணி நேரக் காத்திருப்புதான் நோயாளிக்குக் காவல் என்பதை அவர்களிடம் பொறுமையாக விளக்குவேன்.

இந்தக் காவலிலும் ஓர் இடைவெளி உண்டு. கிருமி உடலில் புகுந்த நாளுக்கும், சோதனையில் அது தென்படும் நாளுக்கும் இடைப்பட்டதைச் சாளரக் காலம் என்கிறோம். கிருமிக்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் சோதனையில் எச்ஐவிக்கு இது சுமார் மூன்று வாரம், ஹெபடைட்டிஸ் சிக்கு இரண்டு மாதத்துக்கும் மேல். கிருமியின் மரபணுப் பொருளையே தேடும் நாட் பரிசோதனை, எச்ஐவிக்கு ஏறத்தாழ பத்து நாளாகவும், ஹெபடைட்டிஸ் சிக்கு அதைவிடக் குறைவாகவும் இதைச் சுருக்குகிறது, முற்றிலும் அடைத்துவிடுவதில்லை. நம் நாட்டில் நாட் கட்டாயமில்லை, எல்லா ரத்த மையங்களிலும் இல்லை. உங்கள் ஊரில் கிடைத்தால் தாராளமாகக் கேளுங்கள்; அவசர நேரத்தில் மட்டும் அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

மிஞ்சும் இடைவெளியை மூடுவது கொடையாளரின் உண்மைதான். ஆண்டுதோறும் தானாக வந்து கொடுப்பவருக்கு எதையும் மறைக்க வேண்டிய தேவையில்லை. 'மாமியாருக்கு ஆபரேஷன், நீ கொடுக்காவிட்டால் எப்படி' என்று அழைத்துவரப்படும் மருமகனோ, மருத்துவர் தனியறையில் கேட்கும் அந்தரங்கக் கேள்விகளுக்கு எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்றே தலையாட்டிவிடுவார். ஆள் கிடைக்காதபோது பணம் கொடுத்து ஒருவரை 'சித்தப்பா மகன்' என்று கூட்டி வருவதும் நடக்கிறது. உச்ச நீதிமன்றம் 1996இல் அளித்த தீர்ப்பால், பணத்துக்கு ரத்தம் கொடுப்பது 1998 முதல் தடை செய்யப்பட்டுள்ளது. தயவுசெய்து அந்த வழிக்குப் போகாதீர்கள்.

அண்ணன் ரத்தம் கொடுக்கட்டும், ஆனால் பொது இருப்புக்காக. கடந்த ஓராண்டில் பச்சை குத்தியிருந்தாலோ, தொற்று பற்றிச் சிறு ஐயம் இருந்தாலோ மருத்துவரிடம் தனியே சொல்லிவிட்டு விலகலாம்; காரணத்தை யாரும் உங்களிடம் வெளியிட மாட்டார்கள். தனக்கு எச்ஐவி உண்டா என்று அறிய விரும்பினால், அதற்கு அரசின் எச்ஐவி ஆலோசனை, பரிசோதனை மையமான நம்பிக்கை மையத்தில் இலவசமாகச் சோதிக்கலாம். ரத்த தானத்தை அதற்குப் பயன்படுத்தக் கூடாது.

உங்களுக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. இந்த வாரமே அம்மாவின் ஹீமோகுளோபின் அளவைப் பார்த்துவிடுங்கள். இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால், மருத்துவர் ஆலோசனையுடன் இப்போதே சிகிச்சை தொடங்கலாம். அளவு உயர்ந்துவிட்டால் அந்த இரண்டு யூனிட்டும் தேவைப்படாமலே போகலாம்.