காட்பாடிப் புறநகர் இருபாலர் உயர்நிலைப் பள்ளியில் 12ஆம் வகுப்பு வரை படிக்க முடியுமா?

பெயர்ப் பலகையில் ‘அரசு உயர்நிலைப் பள்ளி’ என்றே இருக்குமானால் அங்கே 10ஆம் வகுப்பு வரைதான். உங்கள் மகளை இப்போது 9ஆம் வகுப்பில் சேர்த்தாலும், 11ஆம் வகுப்புக்கு வேறொரு மேல்நிலைப் பள்ளியைத் தேட வேண்டியிருக்கும்.

இணையத்தில் 10 என்றும் 12 என்றும் மாறி மாறிக் கண்டதாக எழுதியிருக்கிறீர்கள். பள்ளி தரம் உயர்த்தப்பட்ட பின்னும் பழைய விவரம் நீக்கப்படாமல் இருப்பது இதற்குக் காரணமாகலாம். பள்ளியின் 11 இலக்க யுடைஸ் எண்ணை (ஒவ்வொரு பள்ளிக்கும் தரப்படும் அடையாள எண்; தமிழ்நாட்டில் 33 எனத் தொடங்கும்) அலுவலகத்தில் கேட்டு வாங்கி, யுடைஸ் பிளஸ் என்ற அரசு இணையதளத்தில் சரிபாருங்கள்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். அரசுப் பள்ளியில் படித்துவரும் பெண் 11ஆம் வகுப்பில் தனியார் பள்ளிக்கோ அரசு உதவிபெறும் பள்ளிக்கோ மாறினால், மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டை இழந்துவிடுவாள்.