கேம், கோபால், அப்பா – கடிதம்

அன்புள்ள சார்,

கோவையில் ஒரு ஐடி கம்பெனியில் நான்கு வருடமாக சப்போர்ட் ப்ராஜெக்டில் இருக்கிறேன். யாரோ எப்போதோ எழுதிவைத்த ஜாவா கோடில் பிழை திருத்துவதுதான் தினசரி வேலை. இரவில் யூனிட்டி என்ற, கேம் உருவாக்கும் மென்பொருளில் சின்னச் சின்ன கேம்கள் செய்து பார்க்கிறேன். பெங்களூரில் ஒரு சிறிய கேம் ஸ்டுடியோ, இப்போது வாங்குவதைவிடக் குறைந்த சம்பளத்துக்குக் கூப்பிடுகிறது. "விளையாடறதுக்கா இன்ஜினியரிங் படிக்க வச்சேன்?" என்று கேட்டதோடு சரி, அப்பா என்னிடம் பேசுவதில்லை. இந்த நான்கு வருடம் வீண்தானா? போகலாமா?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

அப்பாவிலிருந்தே ஆரம்பிக்கிறேன். ஜப்பானிய கேம் கம்பெனியான நிண்டெண்டோவின் தலைவராக இருந்து 2015-இல் இறந்துபோன சடோரு இவாடாவின் அப்பா, ஹொக்கைடோவில் முரோரான் என்ற நகரத்தின் மேயராக இருந்தவர். மகன் டோக்கியோவில் பெரிய தொழில்நுட்பக் கல்லூரியில் படித்துவிட்டு 1982-இல் ஹால் லேபரட்டரி என்று, விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களே இருந்த ஒரு கம்பெனியில் புரோகிராமராகச் சேர்ந்ததும் அவரும் ஆறு மாதம் போல மகனிடம் பேசவில்லை. உங்கள் அப்பாவுக்கு நல்ல துணை இருக்கிறது.

வீணா என்று கேட்டீர்களே, அதற்கும் இவாடாவிடம்தான் போக வேண்டும். அவர் செய்த வேலைகளில் புரோகிராமர்கள் இன்றைக்கும் திரும்பத் திரும்பப் பேசுபவை பெரும்பாலும் அடுத்தவர் நிரலுக்குள் இறங்கிச் செய்தவை. 'மதர் 2' என்ற கேம் சில வருடங்களாக முடியாமல் இழுத்துக்கொண்டே கிடந்தது. அதைப் பார்த்துவிட்டு இவாடா அதன் படைப்பாளி ஷிகெசாடோ இடோயிடம், இருப்பதையே சரிசெய்தால் இரண்டு வருடம் ஆகும், முதலிலிருந்து எழுதினால் ஆறு மாதம், எது வேண்டும் என்று கேட்டார். முதலிலிருந்துதான் எழுதினார்கள், 1994-இல் வெளிவந்தது. எனக்கு வியப்பு அந்த ஆறு மாதத்தில் இல்லை. பிறர் எழுதிய குவியலைப் படித்து, எதை வைத்துக்கொள்வது, எதைத் தூக்கிப்போடுவது என்று கணக்குச் சொன்னாரே, அதில்தான். அப்புறம் 'போக்கிமான் ஸ்டேடியம்' என்ற கேம். கேம்பாய் என்ற கையடக்கக் கருவியில் இருந்த போக்கிமான் கேமின் சண்டைமுறையை, டிவியில் இணைத்து விளையாடும் நிண்டெண்டோ 64-க்கு மாற்ற வேண்டும், விளக்க ஆவணம் எதுவும் கிடையாது. அப்போது ஹாலின் தலைவராக இருந்த இவாடாவே உட்கார்ந்து மூல நிரலைப் படித்து ஒரு வாரத்தில் மாற்றிக் கொடுத்தார். 2000-இல் நிண்டெண்டோவில் உயர்பதவிக்குப் போன பிறகும் 'சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலீ' என்ற கேம் குறித்த தேதிக்கு வராது போலிருக்கிறது என்றதும் பழைய கம்பெனிக்குத் திரும்பிப்போய் மூன்று வாரம் பிழை திருத்தினார். உங்கள் தினசரி வேலை இதேதான், என்ன, உங்களுடையதில் போக்கிமானின் மஞ்சள் நாயகன் பிகாச்சு இல்லை.

நானும் பதினோரு வருடம் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில், கோபால் (COBOL) என்ற பழைய கணினி மொழியில் எழுதிய நிரலோடு மல்லுக்கட்டியவன். வீட்டுக்கு வந்து கோபால், கோபால் என்று நான் புலம்புவதைக் கேட்டு அம்மா, யாருடா அந்தப் பையன், அவன் வேலையை ஏன் நீ செய்கிறாய் என்று கேட்டார். அன்றைக்கு எரிச்சலாக இருந்தது. ஆனால் எவனோ எழுதியதை, எழுதியவன் புத்தியோடு படிக்கும் பழக்கம் அங்கேதான் வந்தது.

போகலாமா? இருபதுகளில் இருக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன், கடன் இல்லையென்றால் போங்கள். ஆனால் கேம் தொழிலைப் பற்றி மயக்கம் வேண்டாம். வெளியீட்டுத் தேதி நெருங்கினால் ராத்திரி பகல் கிடையாது. 2023, 2024 இரண்டு வருடங்களிலும் பெரிய ஸ்டுடியோக்களே கொத்துக் கொத்தாக ஆட்களை வீட்டுக்கு அனுப்பின, சின்ன ஸ்டுடியோ ஒரு கேம் ஓடாவிட்டால் அவ்வளவுதான். 1993-இல் இவாடா ஹாலின் தலைவரானபோது வயது 33, கம்பெனிக்கு 150 கோடி யென் கடன். அதை அடைத்து முடிக்க ஆறு வருடம் ஆயிற்று. எல்லாக் கம்பெனிக்கும் அப்படி ஒருத்தர் வாய்ப்பதில்லை. கையில் ஆறு மாதச் செலவுக்குப் பணம் வைத்துக்கொண்டு கிளம்புங்கள். சேருவதற்கு முன் அவர்கள் இதுவரை வெளியிட்ட கேம்களை வாங்கி விளையாடிப் பாருங்கள். பாதியில் நிறுத்தியவை எத்தனை என்றும் கேளுங்கள். அதற்கு மழுப்பினால் யோசிக்க வேண்டும்.

அப்பாவிடம் முரோரான் மேயர் கதையைச் சொல்லிப் பாருங்கள். பேசவே இல்லையே, எப்படிச் சொல்வது என்றால், அம்மா இருக்கிறார் அல்லவா, அவர் காதில் போட்டு வையுங்கள்.