நடக்கும் பிள்ளை ஒன்று, கைக்குழந்தை ஒன்று: வெளியே கிளம்புவது எப்படி?

கேள்வி: என் மகளுக்கு ஒன்றே முக்கால் வயது. அடுத்த மாதம் இரண்டாவது குழந்தை பிறக்கப் போகிறது. எங்கே போனாலும் நடந்துதான் போவோம். ஒரு பிள்ளையை உட்காரவைத்துத் தள்ளும் வண்டி, அதாவது ஒற்றை ஸ்ட்ரோலர் ஒன்று கையில் இருக்கிறது. இனி இரட்டை ஸ்ட்ரோலர் வாங்கியே ஆக வேண்டுமா, இல்லை சின்னதை, குழந்தையை உடம்போடு கட்டும் கேரியரில் கட்டிக்கொண்டு சமாளித்துவிடலாமா? பெரும்பாலும் நான் ஒருத்திதான் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போக வேண்டியிருக்கும்.

பதில்: இப்போதைக்கு எதுவும் வாங்காதீர்கள். இருக்கும் ஸ்ட்ரோலரில் பெரியவள், உங்கள் மார்போடு கேரியரில் சின்னது. முதல் சில மாதங்களுக்கு இதுவே போதும். அதற்குள் உங்கள் வழி எப்படி, பிள்ளைகள் எப்படி என்று பிடிபட்டுவிடும். அப்போதும் இரட்டை ஸ்ட்ரோலர் வேண்டும் என்று தோன்றினால் வாங்கிக்கொள்ளலாம்.

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் எல்லோரும் பிறக்கப்போகும் குழந்தையை நினைத்துத்தான் கவலைப்படுகிறார்கள். உண்மையில் அது சுலபமான சுமை. மூன்று கிலோ சொச்சம் எடை, வைத்த இடத்தில் இருக்கும். உங்கள் திட்டத்தைத் தீர்மானிக்கப் போவது பெரியவளின் கால்கள். இந்த வயதில் போகும்போது நடப்பார்கள், திரும்பும்போது நடக்க மாட்டார்கள். பாதி வழியில் உட்கார்ந்துகொள்வார்கள், தூங்கிவிடுவார்கள், சட்டென்று ஓடுவார்கள். பத்துப் பன்னிரண்டு கிலோ பிள்ளையை ஒரு கையிலும் பச்சைக்குழந்தையை மறு கையிலும் தூக்கிக்கொண்டு வீடு திரும்ப முடியாது. ஆகவே பெரியவளுக்கு ஓர் இருக்கை கட்டாயம் வேண்டும். அதைத் தம்பிக்கோ தங்கைக்கோ கொடுத்துவிட்டு ‘நீ பெரிய பிள்ளை, நட’ என்று சொல்வது இரண்டு வயது கூட ஆகாதவளிடம் எடுபடாது. அவளுடைய வண்டி அவளிடமே இருந்தால் ஒரு பொறாமைச் சண்டையும் மிச்சம்.

கேரியரை நான் முதலில் சொல்வதற்கு இன்னொரு காரணம் உண்டு, அதுதான் முக்கியமானது. நடைபாதையில் போகும்போது பெரியவள் கையை உதறிவிட்டுச் சாலைப் பக்கம் ஓடுகிறாள் என்று வையுங்கள். சின்னது வண்டியில் இருந்தால், வண்டியை விட்டுவிட்டு ஓடுவதா, வண்டியோடு ஓடுவதா என்று ஒரு நொடி தடுமாறுவீர்கள். சின்னது உங்கள் மேலேயே கட்டியிருந்தால் யோசிக்க ஒன்றுமில்லை. காலி வண்டி எங்கே போனால் என்ன?

சரி, கேரியர். பச்சைக்குழந்தைக்குக் கழுத்து நிற்காது. தலை முன்னால் சரிந்து தாடை மார்பில் பதிந்தால் மூச்சுக்குழாய் மடங்கிவிடும். அந்தக் குழந்தை அழாது, திமிறாது, சத்தமே இல்லாமல் மூச்சு அடைபடும். ஆபத்து என்பது இதுதான். 2010-ல் அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், பை போலத் தொங்கும் ஸ்லிங்குகளைப் பற்றி, குறிப்பாக நான்கு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு, எச்சரிக்கை விட்டதும் இதனால்தான். குழந்தை அதில் வளைந்து சுருண்டு கிடக்கும். எனவே நிமிர்ந்த நிலையில், உங்கள் மார்போடு ஒட்டி, உங்களைப் பார்த்தபடி இருக்கும் வகையையே எடுங்கள்.

கட்டிய பிறகு குனிந்து பாருங்கள். குழந்தையின் முகம் முழுதாகத் தெரிய வேண்டும், துணியோ உங்கள் சட்டையோ மூக்கை மூடக் கூடாது. தலையைச் சாய்த்தால் உச்சியில் முத்தமிடும் உயரத்தில் இருக்க வேண்டும். தாடைக்கும் மார்புக்கும் நடுவே ஒரு விரலாவது நுழைய வேண்டும். நீங்கள் லேசாக முன்னால் குனிந்தாலும் குழந்தையின் உடம்பு உங்களை விட்டு விலகாத அளவுக்கு இறுக்கம் வேண்டும். தளர்வாகக் கட்டினால்தான் வசதி என்று பலர் நினைக்கிறார்கள். தளர்ந்தால்தான் குழந்தை கீழே சரிந்து சுருளும். கால்கள் நேராகத் தொங்காமல், முழங்கால் பிட்டத்தைவிடச் சற்று உயரமாக, தவளைக் காலைப் போல விரிந்து மடங்கியிருந்தால் இடுப்பு மூட்டுக்கு நல்லது. வெளிப்பக்கம் பார்த்து உட்காரவைப்பது கழுத்து நன்றாக நின்ற பிறகுதான்.

கேரியரின் லேபிளில் குறைந்தபட்ச எடை எழுதியிருக்கும், பல கேரியர்களில் அது மூன்றரை கிலோ அளவில் இருக்கும். உங்கள் குழந்தை அதைவிட எடை குறைந்து பிறந்தாலோ, குறைமாதமாகப் பிறந்தாலோ, மூச்சில் ஏதாவது தொந்தரவு இருந்தாலோ, குழந்தை மருத்துவரைக் கேட்காமல் கட்டாதீர்கள்.

கீழே விழுந்த பொம்மையை எடுக்க இடுப்பை வளைத்துக் குனியாதீர்கள். முழங்காலை மடக்கி, ஒரு கையால் சின்னதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்திருங்கள். பெரியவள் ஒரு நடைக்குப் பத்து முறை எதையாவது கீழே போடுவாள், அதனால் இது பழக்கமாகிவிட வேண்டும். கேரியரிலேயே பால் கொடுத்தால், குடித்து முடித்ததும் மறக்காமல் பழைய உயரத்துக்குத் தூக்கி இறுக்கிக் கட்டுங்கள். கேரியர் துணியும் ஓர் உடைதான், அதற்கு மேல் உங்கள் உடம்புச் சூடும் சேரும். ஆகவே சின்னதுக்கு ஓர் அடுக்குத் துணி குறைவாகவே போடுங்கள்.

அடுத்து, உங்கள் உடம்பு. சிசேரியன் ஆனால், முதல் ஆறு வாரம் போலக் கைக்குழந்தையைவிடக் கனமான எதையும் தூக்க வேண்டாம் என்றுதான் மருத்துவர்கள் சொல்வார்கள். பெரியவளைத் தூக்கி வண்டியில் உட்காரவைப்பதும் அந்தக் கணக்கில்தான் வரும். சுகப்பிரசவம் ஆனாலும் இடுப்புத்தளத் தசைகள் தேற நாளாகும். அதனால் இந்த ஒரு மாதத்தில் ஒரே ஒரு வேலை செய்யுங்கள்: பெரியவள் தானாக வண்டியில் ஏறி இறங்கப் பழக்குங்கள். பிரேக் போட்டு, வண்டியை முன்னால் சாயாமல் நீங்கள் பிடித்துக்கொள்ள, அவளாக ஏறித் திரும்பி உட்கார வேண்டும். குழந்தை பிறந்த பிறகு இதைக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தால், தன்னைத் தூக்க மாட்டேன் என்கிறார்கள் என்றுதான் அவளுக்குப் படும். கேரியரின் இடுப்புப் பட்டை தையலில் உரசினால் அதை மேலே ஏற்றிக் கட்டலாம், அல்லது தோளில் மட்டும் சுற்றும் துணி வகையைப் பார்க்கலாம்.

சின்னதை வண்டியில் படுக்கவைத்துப் பெரியவளைப் பின்னால் மாட்டும் நிற்கும் பலகையில் ஏற்றலாமா என்றும் கேட்பார்கள். பலகை நல்ல சாமான்தான், ஆனால் உங்களுக்கு இப்போது பொருந்தாது. பெரும்பாலானவை இரண்டு வயதிலிருந்து 20 கிலோ வரைக்கும் என்று தயாரிக்கப்படுகின்றன. நின்றுகொண்டே தூங்க முடியாது, கையை விட்டால் விழுந்துவிடுவாள். நீங்கள் நடக்கும்போது முழங்கால் பலகையில் இடிக்கும் என்பது வாங்கிய பிறகுதான் பலருக்குத் தெரிகிறது. எல்லாப் பலகையும் எல்லா வண்டிக்கும் சேராது, உங்கள் வண்டியின் கையேட்டில் அனுமதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தவிர, பச்சைக்குழந்தைக்கு மல்லாந்து தட்டையாகப் படுக்கும் இருக்கை வேண்டும். பாதி சாயும் சாதாரண ஸ்ட்ரோலர் இருக்கை ஆகாது. கார் சீட்டை வண்டிச் சட்டத்தில் மாட்டித் தள்ளும் வகையும் சிறிது தூரத்துக்குத்தான், தூங்கும் குழந்தையை அதில் மணிக்கணக்கில் விட்டுவைக்கக் கூடாது. தாடை மார்பில் இடிக்கும் அதே பிரச்சினைதான் அங்கேயும். ஒற்றை இருக்கையில் இரண்டு பேரையும் சேர்த்து உட்காரவைப்பது எந்த வயதிலும் வேண்டாம்.

இரட்டை ஸ்ட்ரோலர் யாருக்குத் தேவை? முதுகுவலியாலோ வேறு காரணத்தாலோ குழந்தையைக் கட்டிக்கொள்ள முடியாதவர்களுக்கு. தினமும் நீண்ட தூரம் நடந்தே ஆக வேண்டியவர்களுக்கு. இரண்டு பிள்ளைகளையும் வேறொருவர் வெளியே கூட்டிப்போக, அவருக்குக் கேரியர் பழகாத வீடுகளுக்கு. வாங்கும் முன் ஓர் அளவு நாடா எடுத்து, நீங்கள் தினம் நுழையும் கதவுகளையும் லிஃப்ட்டையும் அளந்துவிடுங்கள். அருகருகே உட்காரும் வண்டிகள் பெரும்பாலும் 75 சென்டிமீட்டர் அகலத்தை ஒட்டி இருக்கும். சக்கர நாற்காலிக்கென்று அளந்து வைத்த கதவில் நுழைந்துவிடும், பழைய வீட்டுக் கதவில் மாட்டிக்கொள்ளும். ஒன்றன்பின் ஒன்றாக உட்காரும் வகை எங்கேயும் நுழையும். ஆனால் நீளம் அதிகம், நடைபாதை விளிம்பில் ஏற்ற முன்பக்கத்தைத் தூக்குவதற்குள் கை ஓய்ந்துவிடும். அருகருகே உட்கார்ந்தால் ஒரு பக்கம் நான்கு கிலோ, மறு பக்கம் பன்னிரண்டு கிலோ என்று வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். உங்கள் வழியில் படிக்கட்டு இருந்தால் எந்த இரட்டை வண்டியும் வேண்டாம். காலி வண்டியைத் தனியாகத் தூக்குவதே பெரும்பாடு.

பழைய வண்டி யாராவது கொடுத்தால் தயங்காமல் வாங்குங்கள், ஆனால் பிரேக், பெல்ட் கொக்கி, மடிப்புப் பூட்டு மூன்றையும் சோதித்துவிட்டு. மடிக்கும்போதும் விரிக்கும்போதும் பெரியவள் பக்கத்தில் நிற்கக் கூடாது. 2009-ல் அமெரிக்காவில் மடிப்புக் கீலில் சிக்கிச் சில குழந்தைகளின் விரல் நுனி துண்டானதால், சுமார் 10 லட்சம் ஸ்ட்ரோலர்களுக்குக் கீல் உறை மாட்டச் சொல்லி அறிவிப்பு வந்தது. எந்தக் கீலும் விரலைக் கடிக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும்போது ஒரு சின்ன ஒழுங்கு இருந்தால் பாதி தொல்லை தீரும். வீட்டுக்குள் இருக்கும்போது பெரியவளின் செருப்பு, தண்ணீர், சிறுநீர் எல்லாம் முடித்துவிட்டுக் கடைசியாகச் சின்னதைக் கட்டுங்கள். இல்லையென்றால் அது வெந்து அழ ஆரம்பித்துவிடும். வெளியே, சாலையோரத்தில் கேரியரைச் சரிசெய்ய வேண்டி வந்தால் வரிசை தலைகீழ்: ஓடக்கூடியவளை முதலில் வண்டியில் உட்காரவைத்து பெல்ட் போடுங்கள், ஓட முடியாதது அப்புறம். அவள் நடந்து வந்தால் சாலைக்கு மறுபுறமாக, வண்டியின் ஒரு குறிப்பிட்ட கம்பியைப் பிடித்துக்கொண்டு வரட்டும். ‘என் கையைப் பிடி’ என்பதைவிட ‘உன் கம்பியைப் பிடி’ என்பது நன்றாக வேலை செய்கிறது. ஓட்டம் அதிகமென்றால் மார்பில் மாட்டும் பிடிவார் போடுங்கள். யாராவது முகம் சுளித்தால் சுளித்துவிட்டுப் போகட்டும்.

கைப்பிடியில் கனமான பையை மாட்டாதீர்கள், பெரியவள் இறங்கிய நிமிடம் வண்டி பின்னால் கவிழும். வெயிலுக்கு வண்டியின் மேல் துணியைப் போர்த்தினால் உள்ளே காற்றில்லாமல் வேகும். கூரையை இழுத்துவிட்டு, நிழல் பக்கமாக நடப்பதே சரி. எஸ்கலேட்டரில் வண்டியை ஏற்றவே கூடாது, லிஃப்ட்டுக்குக் காத்திருக்க வேண்டியதுதான். ரயில் நிலையத்தில் நின்றால் பிரேக் போட்டு, சக்கரங்கள் தண்டவாளத்துக்கு இணையாக இருக்கும்படி வண்டியைத் திருப்பி, கையையும் எடுக்காமல் நில்லுங்கள். சமதளம் போலத் தெரியும் நடைமேடையிலும் சரிவு இருக்கலாம். 2009-ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் அப்படி ஒரு வண்டி தானாக உருண்டு, வந்துகொண்டிருந்த ரயிலுக்கு முன்னால் விழுந்தது. குழந்தை சிறிய காயத்தோடு பிழைத்தது அதிசயம்.

சின்னதுக்கு ஆறு மாதம் நெருங்கும்போது எல்லாம் மாறும். அதற்கு ஆறேழு கிலோ ஏறியிருக்கும், உங்கள் தோள் முறையிடும், கழுத்து நின்றிருக்கும். பெரியவளும் இரண்டைத் தாண்டியிருப்பாள், கூடுதல் தூரம் நடப்பாள். அப்போது வண்டி சின்னதுக்கு, பலகை பெரியவளுக்கு என்று மாற்றிப் பாருங்கள். பல வீடுகளில் இரட்டை ஸ்ட்ரோலர் வாங்கும் யோசனை இந்தக் கட்டத்தில் தானாக அடங்கிவிடுகிறது.

கடைசியாக, முதுகில் ஒன்று, மார்பில் ஒன்று என்று இருவரையும் கட்டிக்கொள்ளும் படங்களை எங்கேயாவது பார்த்திருப்பீர்கள். பிரசவமான முதல் மாதங்களில் அது வேண்டாம், பதினைந்து கிலோவுக்கு மேல் தாங்க உங்கள் உடம்பு தயாராக இருக்காது. பிறகு என்றாவது செய்ய நேர்ந்தால், பெரியவளை முதலில் முதுகில் கட்டி, சின்னதை அப்புறம் முன்னால் கட்டுங்கள். இறக்கும்போது சின்னது முதலில். முதல் தடவை, பக்கத்தில் இன்னொரு ஆள் இருக்கும்போது வீட்டுக்குள்ளேயே கட்டிப் பாருங்கள்.