மன்னர் இருக்கும் மலேசியா மக்களாட்சி நாடா?

மன்னராட்சி, குடியரசு, மக்களாட்சி ஆகிய மூன்றில் எது மேலானது, மலேசியா எதில் சேரும் என்று கேட்டிருக்கிறீர்கள். இம்மூன்றையும் ஒரே வரிசையில் நிறுத்த முடியாது. நாட்டின் தலைவர் பரம்பரை உரிமையால் வருகிறாரா என்பதைப் பார்த்து மன்னராட்சி, குடியரசு என்று பிரிக்கிறோம். ஆள்பவரை மக்களால் இறக்க முடியுமா என்பது வேறு கேள்வி. வியட்நாம் குடியரசுதான், ஆனால் அங்கே ஒரே கட்சியின் ஆட்சி. புருணையில் சுல்தானே பிரதமர்; 1962-இல் அறிவிக்கப்பட்ட அவசரநிலை இன்னமும் நீடிக்கிறது. மலேசியாவும் புருணையும் மன்னராட்சி என்ற ஒரே தலைப்பின் கீழ் வந்தாலும், அன்றாட ஆட்சி நடக்கும் விதத்தில் மலேசியா குடியரசாகிய இந்தியாவுக்குத்தான் நெருக்கம்.

நம் ஒன்பது மாநிலங்களின் பரம்பரை ஆட்சியாளர்கள் கூடித் தங்களுள் ஒருவரை ஐந்தாண்டுக்கு மாமன்னராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். பெரும்பாலான காரியங்களில் அவர் அமைச்சரவையின் ஆலோசனைப்படியே நடக்க வேண்டும். நாடாளுமன்றம் நிறைவேற்றிய மசோதாவுக்கு 30 நாளுக்குள் அவருடைய ஒப்புதல் கிடைக்காவிட்டாலும் அது சட்டமாகிவிடும். இந்தியக் குடியரசுத் தலைவருக்கோ அரசமைப்புச் சட்டம் அப்படி நாள் கணக்கு எதுவும் வைக்கவில்லை. 1986-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய அஞ்சல் சட்டத் திருத்த மசோதாவை அன்றைய குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் கையெழுத்திடாமலும் திருப்பி அனுப்பாமலும் அப்படியே வைத்திருந்தார். இந்த ஒரு விஷயத்தில் குடியரசின் தலைவருக்கு உள்ள இடம் நம் மன்னருக்கு இல்லை.

இதனால் மாமன்னர் வெறும் அலங்காரப் பதவி என்று எண்ணிவிடக் கூடாது. மக்களவைப் பெரும்பான்மையின் நம்பிக்கையைப் பெறக்கூடியவர் யார் என்று கணித்துப் பிரதமரை நியமிப்பதும், அவையைக் கலைக்கும் கோரிக்கையை மறுப்பதும் அவருடைய சொந்த முடிவுக்கு விடப்பட்டவை. ஒரே கூட்டணி அசைக்க முடியாத பலத்துடன் இருந்த காலத்தில் இந்த அதிகாரம் யார் கண்ணிலும் பட்டதில்லை. 2020 பிப்ரவரியில் பிரதமர் மகாதீர் பதவி விலகியபோது, மாமன்னர் சுல்தான் அப்துல்லா மக்களவை உறுப்பினர்களை அரண்மனைக்கு அழைத்து யாருக்கு ஆதரவு என்று ஒவ்வொருவராகக் கேட்டறிந்தார். 2022 நவம்பர் தேர்தலில் 222 இடங்களில் எந்த அணிக்கும் 112 கிடைக்காமல் போகவே, மாமன்னரே முடிவெடுக்க, வாக்களிப்பு முடிந்த ஐந்தாம் நாள் அன்வார் இப்ராஹிம் பிரதமராகப் பதவியேற்றார். அதற்கு முந்தைய தவணையில் மட்டும், இடையில் வேறு பொதுத்தேர்தல் நடக்காமலேயே மகாதீர், முகைதீன், இஸ்மாயில் சப்ரி என மூன்று பிரதமர்களைக் கண்டோம். அமெரிக்க அதிபர் முறையில் இதற்கு வழியில்லை. அங்கே பெரும்பான்மை கைவிட்டாலும் அதிபர் நான்காண்டு நீடிப்பார். தவறான ஆளைத் தேர்ந்துவிட்டால் அந்த நிலைத்தன்மையே சுமையாகிவிடும் என்பதால் எனக்கு நம் முறையே மேல் என்று படுகிறது. வரிசையாகப் பிரதமர்கள் மாறிய அந்த ஆண்டுகளில்கூட இந்தக் கருத்து மாறவில்லை.

எனக்குக் குறையாகத் தெரிவது வேறொன்று. செந்தூலில் குடியிருக்கும் எனக்குத் தேர்தலில் கிடைப்பது ஒரே ஒரு வாக்குச்சீட்டு, நாடாளுமன்றத்துக்கானது. கோலாலம்பூர் 1974 முதல் மத்திய அரசின் நேரடி ஆட்சியில் உள்ள கூட்டரசுப் பிரதேசம் என்பதால் இங்கே சட்டமன்றம் கிடையாது. பினாங்கில் இருக்கும் என் அண்ணனுக்குச் சட்டமன்றத்துக்கும் வாக்கு உண்டு. வீட்டுக்கான மதிப்பீட்டு வரி ஆண்டுக்கு இருமுறை என் பெயருக்கு வருகிறது, ஆனால் அந்த வரியைக் கொண்டு எந்தக் கால்வாயைச் சீரமைப்பது என்று முடிவெடுக்கும் டத்தோ பண்டார், அதாவது மாநகரத் தலைவர், நியமிக்கப்படுபவர். அண்ணனும் இதில் தப்பவில்லை, அவருடைய ஊராட்சி மன்ற (நகராட்சி போன்ற உள்ளாட்சி அமைப்பு) உறுப்பினர்களையும் மாநில அரசுதான் நியமிக்கிறது.

இத்தனைக்கும் இரண்டாம் உலகப் போருக்குப் பின் மலாயாவில் முதன்முதலில் நகராட்சித் தேர்தல் நடந்தது 1951-இல் பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனில்தான். இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி 1965-இல் நிறுத்தப்பட்ட ஊராட்சித் தேர்தல்கள் 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தோடு அடியோடு போய்விட்டன. அவற்றை மீட்கப் பினாங்கு அரசு 2012-இல் தனிச் சட்டம் இயற்றிப் பார்த்தது. 2014-இல் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இந்தியாவில் அரசமைப்பின் 74-ஆவது திருத்தம் நகராட்சித் தேர்தலைக் கட்டாயமாக்கியும், 2016 முதல் 2022 வரை சென்னை மாநகராட்சி தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாமலேயே ஓடியது. ஆனாலும் அங்கே நீதிமன்றப் படியேறிக் கேட்கச் சட்டத்தில் ஒரு பிடி இருந்தது, இங்கே அதுவும் இல்லை.

ஊராட்சித் தேர்தல் வந்தால் நகரங்களில் இனப்பிளவு கூடும் என்று எதிர்ப்பவர்கள் சொல்கிறார்கள். அந்தக் கவலையை நான் தள்ளிவிடவில்லை. ஆனால் அதே இனக் கணக்கு நாடாளுமன்றத் தேர்தலிலும் இருக்கத்தான் செய்கிறது. அதற்காக அந்தத் தேர்தலை நிறுத்த வேண்டும் என்று எவரும் சொல்வதில்லையே.